பேர் இல்லாத சுமைதாங்கி

"அதும்மேல வைக்காதீங்கம்மா" என்று மண்ணாங்கட்டி அன்றைக்கு விடிந்ததிலிருந்து எத்தனை தடவை கத்தியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. தொண்டை கட்டிப் போய்விட்டது. சந்தை நாள் வேறு. திண்டிவனம் போகிற பெண்பிள்ளைகள் சுப்பராயலுவின் மாந்தோப்பு வந்ததும் ஒருத்தி பாக்கியில்லாமல் நேராக அந்தக் கல்லுக்குத்தான் வந்தார்கள். தலையில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, விறகுக்கட்டு, கீரைக்கூடை. கல்லைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். கழுத்தைச் சாய்த்துச் சுமையை இறக்கப் போகிற நேரத்தில் இந்தப் பாவி ஓடிவந்து குறுக்கே கையை நீட்டி மறிக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குக் கூலி.

நல்ல வேலை பார்த்துக் கொடுத்தார்கள் போங்கள்!

சங்கதி இதுதான். அறுபத்து நாலாம் வருஷம் தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு, பட்டணத்திலிருந்து ஒரு கலைச் சங்கத்தார் வந்து இறங்கினார்கள். கிராமத்து ஜனங்களுக்கும் நவீன சிற்பம் என்றால் என்ன என்று காட்டியே தீருவது என்று அவர்களுக்கு ஒரு வைராக்கியம். கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற கொள்ளுமேட்டில், கொட்டகை இல்லாமல் கூரை இல்லாமல், திறந்த வெளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயலு தன் தோப்பைக் கொடுத்தார். சிற்பத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? திறந்து வைக்கப் பெரிய அதிகாரிகள் வருவார்கள், அந்தச் சாக்கில் ஊருக்குள்ளே ஒரு தார் ரோடு கேட்டு வாங்கிவிடலாம். அவ்வளவுதான் அவருக்குக் கலை.

தோப்பு முழுக்க விதவிதமாக வைத்திருந்தார்கள். விழுப்புரம் ரயில் ஷெட்டில் கழித்துப் போட்ட இரும்பையெல்லாம் ஒட்டவைத்து ஒன்று நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் 'கோபம்' என்று பேர். நடுவில் பெரிய ஓட்டை போட்ட சிமெண்டு உருண்டை ஒன்று. தலை இல்லாத பெண் ஒருத்தி மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஊரே திரண்டு வந்து பார்த்தது. தலையை எங்கே விட்டுவிட்டு வந்தாள் என்று பெண்டுகள் சிரித்தார்கள். மற்றபடி யாரும் வம்புக்குப் போகவில்லை. பட்டணத்துக்காரர்கள் எதையாவது பண்ணுவார்கள், பண்ணிவிட்டுப் போகட்டும் என்பதுதான் ஊர் அபிப்பிராயம்.

ஆனால் சாலையோரம் நட்டிருந்த அந்தக் கல்லை மட்டும் ஊரால் அப்படி விட முடியவில்லை.

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றின்மேல் குறுக்கே படுத்த ஒரு கல். அவ்வளவுதான். செய்தவன் மாசிலாமணி என்கிற சின்னவயசுக்காரன். கன்னத்தில் குறுந்தாடி, கதர் ஜிப்பா, யாரையும் வாங்க போங்க என்று பேசுகிற நல்ல பிள்ளை. மண்ணாங்கட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடவே அவனுக்குக் கூச்சம். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால் எமன் ஏறெடுத்துப் பார்க்கக்கூடாது என்று வைத்த பேர் அது என்று அவனுக்கு யார் சொல்வது? அவன் தன் சிற்பத்துக்குச் 'சமநிலை' என்று பேர் வைத்திருந்தான். கீழே இரண்டு சக்திகள், மேலே ஒரு பாரம், எதுவும் எதையும் ஜெயிக்கவில்லை என்று திறப்பு விழாவில் வெகுநேரம் விளக்கினான். அதிகாரிகள் தலையாட்டினார்கள். ஓரமாக நின்ற மண்ணாங்கட்டிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இதற்கு எதற்கய்யா இத்தனை பேச்சு? இது சுமைதாங்கி.

அந்தச் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப் போனால், அவள் சுமையை இறக்காமலே போனவள். போன இடத்திலும் அவளுக்கு உட்கார முடியாது, படுக்க முடியாது. அதனால் அவளைச் சேர்ந்தவர்கள் சாலையோரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்து, அவள் பேரைச் சொல்லி விடுவார்கள். வழியில் போகிறவர்கள் அதன்மேல் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற இளைப்பாற, அவளுக்கும் பாரம் குறையும்.

மண்ணாங்கட்டியின் பெண்சாதி அம்சவள்ளி அப்படிப் போனவள்தான். எட்டு மாத வயிற்றோடு மல்லாட்டைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் சுருண்டு விழுந்தாள். வண்டி கட்டித் திண்டிவனத்துக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே அடங்கிப் போனாள். மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னும் ஒரு கல் இல்லை.

அவனோடேயே இருக்கிற மாமியார் குப்பம்மாள் அவனை ஒரு வேளைகூட நிம்மதியாகக் கூழ் குடிக்க விட்டதில்லை. "எம் மொவ வவுத்தைப் புடிச்சிக்கினு அங்க நின்னுக்கினு கீறா. உனக்கு எப்பிடிடா தொண்டையில எறங்குது?" என்பாள். அவனுக்கும் இறங்கத்தான் இல்லை. என்ன செய்வான்? கல்லுக்குப் பஞ்சமில்லை. பாறை உடைக்கிற பங்காளி ஒருத்தன், எப்போது கேட்டாலும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். நடுவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. சுப்பராயலுவிடம் போய் நின்றான். சாலை சர்க்காருடையது என்றார். ஏரிக்கரையைக் கேட்டான். அதுவும் சர்க்கார்தான் என்றார். கடைசியில், உங்கள் தோப்பு மூலையில் ஒரு முழ இடம் கொடுங்கள், ஆண்டை என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். அன்றைக்குத்தான் அவர் உள்ளதைச் சொன்னார்.

"உங்க ஜனம் வச்ச கல்லுல எங்க பொம்பளைங்க எப்பிடிடா சொமை எறக்குவாங்க? நீயே சொல்லு."

கோபமாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்.

அவன் கேட்ட அதே மூலையில்தான் இன்றைக்கு யாருக்கும் இல்லாத ஒரு சுமைதாங்கி ஜம்மென்று நிற்கிறது. அதில் யாரும் சுமை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவனே காவல். வயிறு எரியுமா, எரியாதா?

சந்தை நாளன்று அவனிடம் மல்லுக்கு நின்றவள் முனியம்மாள். சொந்தக் கொல்லையும் சொந்த வாயும் உள்ளவள். மல்லாட்டை மூட்டையோடு வந்தவளை அவன் மறித்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சுமைதாங்கியில் சுமை வைக்காதே என்று சொல்ல நீ யார், இது யார் பேருக்கு வைத்த கல், அவர்களைக் கூப்பிடு என்று சத்தம் போட்டாள்.

"யாரு பேருக்கும் இல்லீங்கம்மா. சும்மா வச்சிக்கிறாங்க" என்றான் அவன்.

"சும்மாவா?"

முனியம்மாள் கல்லில் சாய்த்திருந்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் வந்தவர்களும் கல்லைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். மண்ணாங்கட்டிக்கு அன்று மீதிப் பொழுது வேலையே இல்லை.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. பேர் இல்லாமல் நட்ட சுமைதாங்கி பேரைத் தேடாமல் விடாது. வயிற்றுப் பிள்ளைக்காரி யாரையாவது கொண்டுபோய்த்தான் அது ஓயும். இப்படி ஒரு நம்பிக்கை இதற்கு முன்னால் அந்த ஊரில் இருந்ததா என்றால், இல்லை. இருக்க வழியில்லை. சுமைதாங்கியை யாருக்கும் இல்லாமல் சும்மா வைக்கலாம் என்று இதுவரைக்கும் எந்தப் பைத்தியத்துக்கும் தோன்றியதில்லையே!

ஊரில் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி என்று எல்லாருக்கும் தெரிந்தவள் சுப்பராயலுவின் மருமகள் செண்பகம். ஏழாவது மாதம். அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்தக் கல் தெரியும். தலைவர் பெண்சாதி அன்றைக்கு உலை வைக்கவில்லை. சுப்பராயலு அரக்கப்பரக்க மாசிலாமணியிடம் ஓடினார். கல்லை எடு என்றார். எடுக்க முடியாது என்றால் மேல்கல்லையாவது இறக்கு என்றார். மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த வாரக் கடைசியில் டெல்லியிலிருந்து தேர்வுக் குழு வருகிறது, ஐந்து வருஷ உழைப்பு, கல்லை இறக்கினால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று கையைப் பிசைந்தான். அதைத் தொட்டால் கண்காட்சியையே மூட்டை கட்டிவிடுவோம் என்று சங்கத்தார் முறைத்தார்கள். கண்காட்சி போனால் தார் ரோடும் போகும். மருமகளா, ரோடா என்று தலைவர் மென்று விழுங்கினார். ஒரு முழுப் பகல் யோசித்து, இரண்டையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்.

மறுநாள் காலையில் மண்ணாங்கட்டி இருக்கிற தெருமுனை வரைக்கும் அவரே நடந்து வந்தார். அந்தப் பக்கம் அவர் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. மண்ணாங்கட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே குப்பம்மாளும் வந்து தள்ளி நின்றாள்.

"டேய், உம் பொண்டாட்டி பேரு இன்னா?" என்று கேட்டார் தலைவர்.

மூன்று வருஷமாக அவளுக்காக அவரிடம் நடந்திருக்கிறான். பேரை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

"அம்சவள்ளிங்க, ஆண்டை."

"அந்தக் கல்லுக்கு அவ பேரையே சொல்லிப்புடலாம்டா. அவ போய்ச் சேர்ந்தவ. அவளுக்கு ஒண்ணும் வராது."

மண்ணாங்கட்டிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. உன் மருமகளைக் காக்க என் பெண்டாட்டி பேரா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பங்காளி கொடுக்கிற கல் ஆகாது, பட்டணத்தான் வைத்த கல்லுக்கு மட்டும் எங்கள் ஜனத்தின் பேர் ஆகுமா? அதுவும் வந்தது. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எப்போதும் ஓயாத குப்பம்மாளின் வாய் அப்போது மூடியிருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கல்லு அங்கயே நிக்குமாங்க?"

"நிக்கும்டா. அதை எவன் தூக்கிக்கினு போவப் போறான்?"

"தோப்பு உங்களுதுங்க. நீங்க சொன்னா நிக்கும்."

"அதான் சொல்லிட்டேன்ல."

திண்டிவனத்தில் தங்கியிருந்த பட்டணத்துக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் காரியம் முடிந்தது. நாலு பேரை வைத்துக்கொண்டு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, இது அம்சவள்ளி கல் என்று தலைவரே வாய்விட்டுச் சொன்னார். முதல் சுமையைக் குப்பம்மாள் வைத்தாள். அவளுக்குத் தூக்க முடிந்த விறகைக் கட்டிக்கொண்டு வந்து, கழுத்தைச் சாய்த்து இறக்கி, "எறக்கிக்கோடி அம்சா" என்றாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, மூன்று வருஷத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். மண்ணாங்கட்டி அழவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் குடித்த கூழ் தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது.

அப்புறம் என்ன? பால்காரி வைத்தாள், புல்லுக்கட்டுக்காரி வைத்தாள். முனியம்மாளே வந்து மூட்டையை வைத்துவிட்டு, போகும்போது அம்சா பேரைச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பெண்கள் எப்படி வைப்பார்கள் என்று கேட்டாரே தலைவர், அவர் வீட்டுப் பெண்சாதியே ஒரு கூடைக் கத்தரிக்காயை வைத்து எடுத்தாள். மாசிலாமணி வந்து பார்த்தபோது அவனுடைய சமநிலையின்மேல் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. காவலுக்குத்தானே உங்களை வைத்தோம் என்று கத்தினான். அவன் கத்துவதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மண்ணாங்கட்டி சாவதானமாக எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல மாசிலாமணி கல்லின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். விழுப்புரம் பக்கம் ரயிலில் போகும்போது இப்படி ஒன்றைப் பார்த்தேன், மனசைவிட்டுப் போகவே இல்லை, அது என்ன என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை என்றான். அதற்கப்புறம் அவன் யாரையும் தடுக்கவில்லை.

வாரக் கடைசியில் டெல்லிக்காரர்கள் வந்தார்கள். கல்லின்மேல் ஒருத்தி கீரைக்கூடையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்துப் போட்டோ பிடித்தார்கள். அத்தனை சிற்பங்களிலும் அதைத்தான் பொறுக்கினார்கள்.

மறுநாள் லாரி வந்தது.

கடப்பாரைகள் இறங்குவதைப் பார்த்ததுமே மண்ணாங்கட்டி தலைவர் வீட்டுக்கு ஓடினான். வாசலில் வாழைமரமும் பந்தலும் அப்படியே இருந்தன. முந்தின நாள்தான் செண்பகத்துக்கு வளைகாப்பு நடத்தி, கோலியனூருக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதை அவன் மறந்தே போயிருந்தான். அவர் மறக்கவில்லை. அவருடைய பயமெல்லாம் மருமகளோடு வண்டியேறிப் போய்விட்டது.

"அவங்க பொருளு, அவங்க எடுத்துக்கினு போறாங்க. நான் இன்னாடா பண்றது?" என்றார்.

"நிக்கும்னு சொன்னீங்களே, ஆண்டை."

"சொன்னேன். அப்ப சொன்னேன்."

அதற்குமேல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கையை ஓங்கிவிடுவோம் என்று பயந்து அவன் திரும்பி ஓடிவந்தான். மேல்கல் அதற்குள் லாரியில் ஏறியிருந்தது. மாசிலாமணி அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது; பொய் சொல்லக்கூடாது.

"டெல்லியில பெரிய ஹால்ல வைக்கப் போறாங்க. சமநிலைங்கிற பேரை எடுத்துடறேன். உங்க சம்சாரத்தோட பேரையே போடறேன். இது சத்தியம்" என்றான்.

"அந்த ஹால்ல சொமை தூக்கிக்கினு யாருங்க வருவாங்க?"

நானே வந்து வேறு ஒரு கல் செய்து தருகிறேன் என்றான் மாசிலாமணி. கல் கிடைக்குதுங்க, இடம்தான் இல்லை என்று மண்ணாங்கட்டி சொன்னான். மாசிலாமணி விடுவிடென்று தலைவர் வீட்டுக்குப் போனான். போன வேகத்திலேயே, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து லாரியில் ஏறிக்கொண்டான்.

லாரி போன பிறகு இரண்டு குழிகள்தான் மிச்சம். குப்பம்மாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எறக்கி வச்ச சொமையை மறுபடியும் அவ தலையில ஏத்திட்டாங்களேடா" என்றாள்.

முன்னால் கல் இல்லையே என்ற ஏக்கம்தான். இப்போது கொடுத்துப் பிடுங்கியது. இது அதைவிடக் கொடுமை. மண்ணாங்கட்டிக்குத் தலைவர் மேல் கோபம், பட்டணத்தான் மேல் கோபம், எல்லாரையும்விட, நிக்கும்டா என்றதும் நம்பித் தொலைத்த தன்மேல்தான் பெரிய கோபம்.

அடுத்த சந்தை நாள் வந்தது. விடியும்போதே அவன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு தோப்பு மூலைக்குப் போய்விட்டான். கூலிக்கு அவனை அங்கே யாரும் வைக்கவில்லை. இரண்டு குழிகளுக்கும் நடுவில் போய் நின்றான்.

முதலில் வந்தவள் முனியம்மாள்தான். மல்லாட்டை மூட்டை கழுத்தை அமுக்க, தலை நிமிராமல், பழக்கத்தில் நேராக அங்கே வந்து, குழியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மண்ணாங்கட்டி சும்மாட்டைத் தோளில் போட்டு, முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தான்.

"வையிங்கம்மா."

"இன்னாடா இது?"

"அவ பேரைச் சொல்லிட்டு வையிங்க."

தோப்புக்குள்ளிருந்து சுப்பராயலு, என் இடத்தில் என்னடா பண்ணுகிறாய் என்று அதட்டினார். நிக்கிறேங்க ஆண்டை என்றான், குனிந்தபடியே. முனியம்மாள் தோப்பை ஒரு தடவை பார்த்தாள், அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கழுத்தைச் சாய்த்து, மூட்டையை மெதுவாக அவன் முதுகின்மேல் இறக்கினாள்.

"அம்சா" என்றாள்.

மூட்டை நல்ல கனம். அவனுக்கு முழங்கால் ஒரு தடவை ஆடி நின்றது. முனியம்மாள் கழுத்தை நீவிவிட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல் மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி கீரைக்கூடையோடு வந்து காத்துக்கொண்டு நின்றாள்.